எட்டு போட்ட கார்டு

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் அக்கா, அத்தான், நான். இருந்திருக்க வேண்டியவர் அத்தானின் சித்தப்பா. பிரான்சில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்திருந்த அவர், ஏதோ காகிதம் விஷயமாகப் பாண்டிச்சேரி போயிருந்தார். மறுநாள் அவருக்கு விமானம்.

பாயின் மேல் ஒரு கால்பந்து கார்டு கிடந்தது. பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒருவர் பேர் எடுப்பதற்கு முன்னால் அச்சானது; அதனாலேயே சேகரிப்பவர்களிடம் அதற்கு நல்ல விலை. அத்தானின் ஃபைபர் படகு எஞ்சின் போய்விட்டதைக் கேள்விப்பட்டு, "வித்துக்கடா" என்று சித்தப்பா கொடுத்தது. கார்டு எவ்வளவு பழுதில்லாமல் இருக்கிறது என்று எண் போடும் கம்பெனி ஒன்றில் அங்கேயே தரம் பார்த்து வாங்கி வந்திருந்தார். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் கார்டை வைத்து ஒட்டி, மேலே '8' என்று சீட்டு. பத்துக்கு எட்டு.

இணையத்தில் நான் பிடித்த வெளிநாட்டுக்காரர் எட்டுக்கு அறுபதாயிரம் தருவதாக எழுதியிருந்தார். இன்னொரு கம்பெனி அதற்கே ஒன்பது போட்டால் ஒன்றரை லட்சம். பட்டினச்சேரியில் ஒருவர் தன் எஞ்சினை அறுபதுக்குப் பேசி அத்தானுக்காக நிறுத்தி வைத்திருந்தார். அறுபதில் எஞ்சின் வரும். ஒன்றரை லட்சம் என்றால் அடகில் இருக்கும் அக்காவின் நகையும் வரும்.

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரண்டாவது கம்பெனியின் விதியை பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு வந்து சொன்னேன். பெட்டியோடேயே அனுப்பலாம்; வெளியிலிருந்தே பார்ப்பார்கள்; ஒன்பது தேறினால்தான் பெட்டியை உடைப்பார்கள்; தேறாவிட்டால் எட்டாகவே திரும்பி வரும்.

"எட்டுன்னு நெத்தியில ஒட்டிக்கிட்டுப் போனா அவன் எப்படி மாப்ள ஒம்போது போடுவான்?" என்றார் அத்தான்.

கரையில் ஒரு வியாபாரி ரெண்டாந்தரம் என்று ஒதுக்கிய இறாலை அதே கூடையில் யாரும் அடுத்தவரிடம் கொண்டுபோக மாட்டார்கள். கூடையை மாற்றி, தண்ணீர் தெளித்து, இப்போதுதான் கரையேறியது போல வைப்பார்கள். அடுத்தவர் அதையே முதல்தரம் என்று எடுத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

"இது இறா இல்ல அத்தான்."

"தரம் பாக்குறவன் எங்கயும் ஒண்ணுதான். முன்னாடி பாத்தவன் சொன்னதத்தான் அவனும் சொல்லுவான்."

"சித்தப்பா வந்துடட்டுமேங்க" என்றாள் அக்கா.

"அவரு வந்தா ஒடைக்க வுட மாட்டாரு."

"அப்ப ஒடைக்கக் கூடாதுன்னு ஒங்களுக்கே தெரியுதுல்ல?"

அத்தான் ஆக்சா பிளேடை எடுத்தார். நான் பெட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஓரமாக அறுக்க அறுக்க வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அக்கா மின்விசிறியை நிறுத்தினாள். மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. 'டக்' என்று மூடி தெறித்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கார்டு பாயில் விழவில்லை, என் உள்ளங்கையிலேயே நின்றது. நாலு மூலையையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு கீறலும் இல்லை. அத்தான் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

சித்தப்பா வந்து வெறும் கார்டைப் பார்த்தார். "யார்ரா இத வெளிய எடுத்தது?" என்று மட்டும் கேட்டார்.  இரண்டாவது கம்பெனிக்கு அங்கிருந்தே அனுப்புவதற்காக, மறுநாள் கார்டை ஒரு சட்டைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. அத்தான் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். எஞ்சின்காரர் என்னைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், "என்னா தம்பி, ஒங்க ஆட்டக்காரரு கோலு போட்டாரா இல்லியா?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

ஒரு நாள் சித்தப்பாவின் போன் வந்தது. "ரெண்டாவது கம்பெனிக்காரன், ஓரம் புதுசாத் தெரியறதுக்காக கத்தரிச்சிருக்குங்குறான். நம்பரே போட மாட்டேங்குறான்" என்றார். அத்தான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "யாரு கத்தரிச்சா? நாங்க பெட்டியத்தான அறுத்தோம்!"

சித்தப்பா அதை முதல் கம்பெனிக்கே மறுபடியும் அனுப்பினார். முன்பு எட்டு போட்டவர்கள் இந்தத் தடவை ஆறு போட்டார்கள். கத்தரித்தது என்ற பேச்சே அவர்களிடம் இல்லை; ஓரம் கொஞ்சம் மழுங்கியிருக்கிறதாம். பெட்டியில் இருந்தபோது வெளிநாட்டுக்காரருக்கு அனுப்ப நான் ஸ்கேன் எடுத்த படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டையும் இணைத்து அகராதி பார்த்து முதல் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பார்க்கிறவரின் அன்றைய கருத்துதான் தரம், பழைய பெட்டி இல்லாமல் பழைய எண்ணைப் பற்றிப் பேச முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

"நம்ம ஊரு வியாபாரி தேவலாம்டா" என்றாள் அக்கா. "திட்டுனா பக்கத்துல நின்னு கேப்பான்."

அதற்குள் எஞ்சினை வேறொருவர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஆறு போட்ட கார்டை அந்த வெளிநாட்டுக்காரர் பதினாலாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். கையை விட்டுப் போன நாற்பத்தாறாயிரம், இரண்டு கம்பெனிக் கட்டணமும் தபால் செலவுமாகச் சித்தப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்த பதினோராயிரத்து நானூறு, எல்லாம் சேர்த்து அந்தப் பெட்டியை அறுத்ததற்கு எங்களுக்கு ஆன செலவு ஐம்பத்தேழாயிரத்து நானூறு ரூபாய்.