திரேஸ்புரத்தில் கிடைத்த சக்கரம்

காலை ஆறரை மணிக்கு நாசரேத்தில் தூத்துக்குடிப் பேருந்தில் ஏறினேன். கட்டணம் முப்பத்தெட்டு ரூபாய். காலடியில் ஒரு சாக்குப்பை; அதற்குள் ஒரு பழைய எஞ்சினின் இரும்புச் சக்கரம். நடத்துநர் பையைக் காலால் தொட்டுப் பார்த்து, இதற்கு லக்கேஜ் போட வேண்டுமே என்றார். பழுதான சாமான் என்றேன். பழுதானால் எடை குறையுமா என்று கேட்டுவிட்டு, சீட்டுக் கிழிக்காமலே முன்னால் போய்விட்டார்.

சக்கரத்தைப் பழுதாக்கியவன் நான்.

அந்த எஞ்சின் என் மனைவியின் தம்பி செல்வத்துடையது. அவன் அப்பா வாங்கியது; இங்கிலாந்தில் செய்த சிறிய மண்ணெண்ணெய் எஞ்சின். அவர்கள் வாழைத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்தது. கரண்டு மோட்டார் வந்த பிறகும் செல்வம் அதை விற்கவில்லை. மழை படாமல் மூடி வைத்து, வருடந்தோறும் கிரீஸ் தடவினான். அதை மறுபடி ஓட வைத்துத் தருகிறேன் என்று நானாகக் கேட்டு வாங்கி வந்தேன். இவ்வகை எஞ்சினுக்கு பேட்டரி கிடையாது. சக்கரத்துக்குள் பதித்த காந்தங்கள் கம்பிச்சுருளைச் சுற்றி ஓடினால்தான் பிளக்கில் பொறி வரும். அச்சில் இறுகிப்போன சக்கரத்தைக் கழற்ற முறையான கருவி உண்டு. அது வந்து சேரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. புளோ லாம்பின் தீயால் சூடுகாட்டிச் சம்மட்டியால் அடித்தேன். சக்கரம் கழன்றது, அச்சு நுழையும் இடத்தில் விரிசலும் விழுந்தது. காந்தத்தில் ஓர் ஆணிகூட ஒட்டவில்லை. காந்தத்தைச் சூடாக்கினாலும் தட்டினாலும் அதன் வலு போய்விடும் என்று பள்ளியில் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

செல்வம் வந்து விரிசலைப் பார்த்தான். "நான்தான் தோட்டத்துலேர்ந்து வண்டில ஏத்தும்போது கீழ போட்டிருப்பேன், அத்தான்," என்றான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று வாரமாக வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், அப்பா எஞ்சினைக் கெடுத்துவிட்டேன் என்று அவன் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறான். அதே போன்ற சக்கரம் ஒன்று கிடைத்துவிட்டால் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்காது என்பதே என் கணக்கு.

ஏரல் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பழையகாயலுக்கு அப்பால் காற்றில் உப்பு தெரிகிறது. முத்தையாபுரத்தை நெருங்கும்போது உப்புப் பாத்திகளில் தண்ணீர் கண்ணைக் கூச வைக்கிறது. வரப்போரம் உப்பு அம்பாரங்கள் தார்ப்பாய் போர்த்தி நிற்கின்றன. ஒரு பம்ப்செட்டைப் பேருந்திலிருந்தே பார்த்தேன். இரும்பு ஏடு ஏடாக உதிர்ந்திருந்தது. இந்தக் கரையில் பழைய எஞ்சினின் உதிரிபாகம் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

எட்டரை மணி. துறைமுகச் சாலையை ஒட்டிய பழைய இரும்புக் கடைகளில் மூன்றில் ஏறி இறங்கினேன். கப்பல் சங்கிலி, நங்கூரம், வால்வு எல்லாம் இருக்கின்றன. மூன்றாவது கடைக்காரர் என் சக்கரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது மாதிரி நூறு வந்துச்சு அண்ணாச்சி. எல்லாம் உருக்காலைக்குப் போயாச்சு. இப்ப எவன் வீட்டு மாடில கம்பியா நிக்கோ."

திரேஸ்புரத்தில் மிக்கேல் என்று சங்கு குளித்த ஒருவர் இருக்கிறார், அவர் வள்ளத்தில் இப்படியொரு எஞ்சின் இருந்தது, கேட்டுப் பாருங்கள் என்றார். உடைந்ததை இங்கேயே எடைக்குப் போட்டுவிட்டுப் போகலாமே என்றும் சொன்னார். திரும்பும்போது போடுகிறேன் என்றேன். அதுதான் என் எண்ணமும்.

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். வலைகள் காயும் சந்தில் மிக்கேலின் வீடு. எழுபதைத் தாண்டியவர், காது மந்தம். நான் வந்த விஷயத்தை அவருடைய மனைவி அவர் காதருகில் உரக்கச் சொன்னார். மிக்கேல் குசினிக்குள் போய், நான் தேடி வந்த சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். எஞ்சினின் மற்ற பாகங்கள் எப்போதோ போய்விட்டன. இதை மட்டும், தரையில் சிந்தும் தூண்டில் முள்ளைப் பொறுக்க வைத்திருக்கிறார்கள். அப்போதும் இரண்டு முள் அதில் ஒட்டியிருந்தன. இரண்டு சக்கரங்களின் துளையையும் அளந்து பார்த்தேன். இம்மியும் வித்தியாசமில்லை.

அந்த எஞ்சின் வள்ளத்தில் காற்று கம்ப்ரசரை ஓட்டியதாம். கீழே சங்கு பொறுக்குகிறவருக்கு மேலிருந்து குழாய் வழியே காற்று வரும். எஞ்சின் பக்கத்தில், அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவது எப்போதும் அவருடைய மனைவியின் சகோதரன்தான். ஏன் என்று கேட்டேன்.

"அக்கா தாலி அறுக்கணும்னு எந்தத் தம்பியாவது நினைப்பானா?" என்றார் மிக்கேல்.

அப்படியும் ஒரு நாள் அவர் அடியில் இருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது. மச்சினன் இழுத்து மேலே போட்டான். மூக்கில் ரத்தம். அதை மிக்கேல் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் கண்ணத் தொறக்கல சார், அதுக்குள்ள அழுதுட்டே சொல்லுதான், 'மச்சான், நான்தான் எண்ணெய் ஊத்த மறந்துட்டேன்'னு. எவனும் கேக்கல. எஞ்சின் கோளாறுன்னு சொன்னா நம்பியிருப்பேன். எந்திரிச்சு ஒரு அறை விட்டேன்."

"எந்தம்பிய அடிச்சதுக்கு ஒரு வாரம் இவருக்கு வெறுஞ்சோறுதான்," என்றார் மனைவி.

பிறகு கயிற்றை யார் பிடித்தார்கள் என்று கேட்டேன்.

"அவன்தான். மறுநாளே. வேற யாருகிட்ட குடுக்க?"

சொல்லிவிட்டு, முட்களைச் சக்கரத்திலிருந்து பிடுங்கித் தகர டப்பாவில் போட்டார். விலை ஆயிரத்து ஐந்நூறு சொன்னார், கொடுத்தேன். எஞ்சின் யாருடையது என்று கேட்டார். என் மனைவியின் தம்பியுடையது என்று சொல்லும்போது அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பதினோரு மணி. ஆட்டோ மறுபடி இரும்புக்கடை வழியாகத்தான் வந்தது. கடைக்காரர் கையைக் காட்டினார். பையில் இப்போது இரண்டு சக்கரங்கள். ஒன்றை இறக்கிவிட்டால் போதும். மூன்று வார விஷயம் இந்த ஊர்க் குப்பையோடு போய்விடும். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நிறுத்தவா என்று கேட்டார். பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டேன். பிறகு, பேருந்து நிலையத்துக்கே போங்கள் என்றேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு நாசரேத். வீட்டுக்குப் போகாமல் நேரே செல்வத்தின் வீட்டுக்குப் போய், இரண்டையும் அவன் முன்னால் வைத்தேன். சூடுகாட்டியதையும் அடித்ததையும் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். அவன் உடைந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ நான் கீழ போடலல்லா, அத்தான்?"

"இல்ல."

"நான் போடல," என்று மறுபடி தனக்குள் சொல்லிக்கொண்டான். என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் மாலை என் வீட்டுக்கு வந்து, திரேஸ்புரத்துச் சக்கரத்தை அவனே மாட்டினான். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். இந்த எஞ்சினைக் கிளப்பக் கப்பியில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். மூன்றாவது இழுப்பில் இருமி, புகைவிட்டு, ஓடத் தொடங்கியது. அவன் கண் கலங்கியது. இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினான். மறுபடி கயிற்றைச் சுற்றினான். மறுபடி அவனே இழுத்தான்.

திரேஸ்புரத்தில் மறுநாளே கயிறு மச்சினன் கைக்குத் திரும்பியிருக்கிறது. அந்த மச்சினன் உடனே சொன்னவன். நான் மூன்று வாரம் கழித்துச் சொன்னவன். அன்று மாலை செல்வம் கயிற்றை என்னிடம் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது அதைச் சுருட்டித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். எஞ்சினை மட்டும் என் வீட்டில் விட்டுப் போயிருக்கிறான்.