கருவாட்டுக்கு ஒரு மன்னிப்பு

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். யூதர். ஒரு செப்டம்பர் மதியம் கதவைத் தட்டினார். நாளை அவர்களுக்கு உபவாச நாளாம். அதற்குள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கடவுளுக்குச் செய்த தப்பைக் கடவுள் மன்னிப்பார், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். பிறகு சொன்னார்: மார்ச் மாதம் என் சமையல் வாசனை பற்றி அபார்ட்மெண்ட் ஆபீசில் புகார் கொடுத்தது அவர்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று நான் வறுத்தது கருவாடு. மறுநாளே கதவில் நோட்டீஸ். கீழ்வீட்டுத் தமிழ்ப் பெண் சுத்த சைவம். வேறு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே தோழி அவள். சேர்ந்து ஐசலின் இந்தியக் கடைகளுக்குப் போய்க் காய் வாங்குவது, குழந்தைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆறு மாதமாகப் பேச்சில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். கோபப்படுவதா, கும்பிடுவதா? இதற்கு என்ன பதில் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. "இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே" என்றேன். போதாக்குறைக்கு, விரதத்துக்குப் பாலும் பழமும் கொண்டுவரட்டுமா என்று கேட்டுவைத்தேன். நம் வீட்டு விரதங்களில் யார் வயிறு காய்ந்தது? தண்ணீர்கூடக் கிடையாது என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் எனக்கும் காலைச் சாப்பாடு இறங்கவில்லை. 'உன்னைத் தப்பா நினைச்சிட்டேன், மன்னிச்சிரு' என்று மாடிப்படியில் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாள்.

"அக்கா, போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறீங்க. நான் என்ன மிஸ்டேக் பண்ணேன்னு ஆறு மாசமா யோசிச்சுட்டே இருக்கேன். எதுவா இருந்தாலும் ஸாரிக்கா. மனசுல வச்சுக்காதீங்க."

மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். ஆனால் வாய் தன் பாட்டுக்கு, "பரவால்ல, விடு" என்றது.

அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தாள். வெட்கமில்லாமல் குடித்தேன்.

இப்போது அவள் குடும்பம் டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் இருக்கிறது. செப்டம்பர் வந்தால் நானே போன் செய்கிறேன். குழந்தைகளின் படிப்பு, அங்கத்து வெயில் என்று ஒரு மணி நேரம் பேசுகிறோம். அதை மட்டும் இன்னும் கேட்கவில்லை.