பன்னிரண்டாவது பஸ் விதி

போன செவ்வாய்க்கிழமை மதியம் தெரியாத நம்பர் ஒன்றை பிளாக் செய்தேன்.

இதிலென்ன பெரிய சங்கதி, நாங்களும்தான் தினம் நாலு நம்பரை பிளாக் செய்கிறோம் என்கிறீர்களா? செய்யுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு செய்யுங்கள்.

என் மகள் தாரணி இந்த வருடம் ஃபார்ம் ஒன், இடைநிலைப் பள்ளியில் முதல் வகுப்பு. வீடு உலு திராமில், பள்ளி ஜொகூர் பாரு பக்கம். காலையில் வேலைக்குப் போகிற வழியில் நானே காரில் இறக்கிவிடுவேன். சிக்கல் மதியம்தான். எனக்குச் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிளார்க் வேலை, ஐந்தரைக்கு முன்னால் நாற்காலியை விட்டு எழ முடியாது. வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலை. பள்ளி வேன்காரர்களைக் கேட்டால், "இடமில்ல லா அக்கா, அடுத்த வருசம் பாப்போம்" என்றார்கள். ஆக, மதியம் பொது பஸ். தனியாக. பதின்மூன்று வயதுப் பிள்ளை.

பயம் இருக்காதா? இருந்தது. பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் லிஸ்ட் போடுவேன்.

ஃபிரிட்ஜில் ஒட்டினேன், பதினொரு விதிகள். பையை முன்னால் மாட்டிக்கொள். தூங்காதே. யார் என்ன கொடுத்தாலும் வாங்காதே. அம்மா நம்பரை மனப்பாடம் செய். பஸ் கார்டை மெஷினில் தட்டாமல் ஏறாதே, தட்டாமல் இறங்காதே... இப்படியே போகும். இறங்கும்போது தட்ட மறந்தால் கார்டு லாக் ஆகிவிடும், மறுநாள் ஏற விடமாட்டார்கள் என்று ஆபீஸில் ஒருவர் சொல்லியிருந்தார். அதனால் அந்த விதிக்கு மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு. கடைசி விதி – வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு மெசேஜ்.

வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "நம்ம புள்ள பஸ்ல போவுதா, ராக்கெட்ல போவுதா?" என்றார்.

சிரிக்கட்டும். முதல் நாள் மதியம் லீவு போட்டு, பஸ்ஸுக்குப் பின்னாலேயே என் காரை ஓட்டிக்கொண்டு போனதை அவரிடம் நான் சொல்லவில்லை. பஸ் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தே என்னைத் திட்டினார்கள். பிள்ளை இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பி நடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பள்ளிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் தாரணியின் போன் வீட்டில்தான் இருக்கும். இரண்டு ஐம்பதுக்குள் கதவைத் திறந்து, "வந்துட்டேன்" என்று அனுப்புவாள். கூடவே கண்ணாடி போட்ட பூனை ஸ்டிக்கர் ஒன்று. அந்தப் பூனை வந்தால்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கும்.

செவ்வாய்க்கிழமை பூனை வரவில்லை.

மூன்று மணி. ஜாமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்பைத் திறந்தேன். பஸ் எங்கள் ஸ்டாப்பைத் தாண்டி, கோத்தா திங்கி சாலையில் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. அப்படியென்றால் பிள்ளை இறங்கியிருக்க வேண்டும். இறங்கினாளா? இறங்கியிருந்தால் ஏன் மெசேஜ் இல்லை?

வீட்டில் இருக்கும் அவள் போனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக் கமலாக்காவைக் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"கேட்டு பூட்டித்தான் கெடக்கு. வாசல்ல அவ பள்ளிச் சப்பாத்தும் இல்ல. ஏன், புள்ள இன்னும் வரலயா?"

அந்த 'வரலயா'வைக் கேட்டதும் போனை வெட்டினேன்.

பள்ளிக்கு அடித்தேன். மாணவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், கேட்டைக்கூட மூடியாகிவிட்டது என்றார்கள். பஸ் கம்பெனிக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. காணாமல் போன பிள்ளைக்கு எந்த நம்பரை அழுத்துவது? வீட்டுக்காரருக்கு அடித்து அடித்துப் பார்த்தேன், பயனில்லை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், அது அவர்கள் ஃபேக்டரி விதி.

இதற்கு நடுவில்தான் அந்தத் தெரியாத நம்பர் வந்தது. வெட்டினேன். மறுபடியும் வந்தது. வெட்டினேன். உங்களுக்கே தெரியும், இப்போதெல்லாம் தெரியாத நம்பர் என்றாலே என்ன? போலீஸ் பேசுகிறேன், கோர்ட்டில் உங்கள் மேல் கேஸ், உங்கள் பெயரில் பார்சல்... எடுக்காதே, எடுக்காதே என்று நானே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாருக்கும் பாடம் நடத்துகிறவள். மூன்றாவது முறை வந்தபோது எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. என் பிள்ளையைக் காணோம், இவன் வேறு! பிளாக்.

மேனேஜரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. காரை எடுத்தேன். தெப்ராவ் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு சிக்னலும் எனக்கென்றே சிவப்பாக நின்றது. எங்கள் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் பீசாங் கோரெங் பொரிக்கும் மலாய்க்கார மாக்சிக், தாரணியை தினமும் பார்க்கிறவர். வாழைப்பழத்தை எண்ணெயில் போட்டபடியே யோசித்துவிட்டு, இன்றைக்கு அவள் இறங்கவே இல்லை என்றார். பின்கதவு திறந்து மூடியதாம். இறங்கியது இரண்டு பெரியவர்கள்தானாம்.

இறங்கவே இல்லை!

அந்தச் சாலையோரம் நின்றபோது என் மனம் போகாத இடமில்லை. அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். பெற்றவர்களுக்கு எழுதாமலே தெரியும். இன்னொன்றும் தோன்றியது. பள்ளி வேனில் ஏறினால் அவள் பிள்ளை. வேன் அங்கிள் தலையை எண்ணுவார், ஒரு தலை குறைந்தால் போன் வரும். பொது பஸ்ஸில் ஏறினால் அவள் பயணி. பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிப் போகிற பஸ்தான். கார்டு எப்படி எடுப்பது, எங்கே நிற்பது, என்ன தின்னக் கூடாது, எல்லாவற்றுக்கும் விதி ஒட்டியிருக்கிறார்கள். இறங்க வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளை இறங்காவிட்டால் யார் யாரிடம் சொல்ல வேண்டும்? அதற்கு ஒரு விதியும் என் கண்ணில் பட்டதில்லை. என் பதினொன்றிலும் அது இல்லை.

போலீஸ் நிலையத்துக்கே போய்விடலாம் என்று கார் கதவைத் திறந்தேன். எதிர்ப்பக்கம், ஜொகூர் பாருவை நோக்கிப் போகும் பஸ் ஒன்று வேகம் குறைத்து வந்தது. நாலு விளக்கும் மின்ன, ஸ்டாப்பில் நின்றது. டிரைவர் எழுந்து இறங்கினார். பஸ் நிறைய ஆட்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் ஒரு நீலப் பள்ளிப் பையின் வார். அந்தப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு, என் தாரணி.

சாலையைக் கடந்து என்னிடம் கொண்டுவந்து விட்டார். ஐம்பது வயது இருக்கும். நம்மாள்தான்.

"தங்கச்சி, நீங்கதான் அம்மாவா? மூணு தடவ அடிச்சேன் லா. நாலாவது தடவ லைனே போவல."

"அண்ணே... அந்த நம்பர்..."

"என் நம்பர்தான். புள்ள உங்க நம்பர டக்குனு சொல்லிச்சு. ஒரு எண்ணு மாறல."

நான்காவது விதி. அம்மா நம்பரை மனப்பாடம் செய்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வரும்போது எனக்குக் கோபமும் சேர்ந்து வரும், என்ன செய்ய? பிள்ளையைப் பிடித்து, "ஏண்டி இறங்கல? ஏன் இறங்கல?" என்று உலுக்கினேன்.

"தட்டினேம்மா. செவப்பு லைட்டு வந்துச்சு. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் செவப்பு. தட்டாம எறங்கக் கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"டிரைவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!"

"பஸ் ஓடுறப்ப டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு பஸ்ல எழுதிருக்கு."

"அலமாக்!" என்று டிரைவர் தலையில் கைவைத்தார். "அந்தப் பின்கதவு மெஷின் இன்னிக்கி காலையிலேருந்து மக்கர் பண்ணுது. இனிமே தட்டாட்டியும் பரவால்ல, எறங்கிடு பாப்பா. ஒன்னும் ஆவாது."

கடைசி ஸ்டாப் வரைக்கும் அப்படியே நின்றுகொண்டு போயிருக்கிறாள். உட்கார இடம் காலியான பிறகும் நின்றாளாம், இறங்க வேண்டியவள் உட்காரக் கூடாது என்று நினைத்து. எல்லாரும் இறங்கி, டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "பாப்பா, எங்க போவணும்?" என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாளாம். பஸ் அப்போது நின்றிருந்தது, பேசலாம்.

சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை என்றால் திட்டலாம். இவள் என் பேச்சைக் கேட்டாள், பஸ்ஸின் பேச்சைக் கேட்டாள், பள்ளியின் பேச்சைக் கேட்டு போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். அவளைத் தொலைத்தது நாங்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட விதிகள்தான். இதில் ரொம்பக் கெட்டிக்காரி நான். என் பிள்ளை என்னைக் கூப்பிட்ட ஒரே வழியை என் கட்டைவிரலாலேயே அடைத்தவள்.

டிரைவர் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "ரூல்ஸ்படி பாத்தா நான் ஆபீஸுக்கு ரிப்போர்ட் பண்ணிட்டு, புள்ளய அங்கயே உக்கார வச்சிருக்கணும். ஆபீஸ்காரன் எப்ப வருவான்னு யாருக்குத் தெரியும்? முன் சீட்ல உக்கார வச்சி கூட்டியாந்துட்டேன். சீட்ட விட்டு எறங்கினதும் தப்புத்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேண்ணே" என்றேன்.

(அண்ணே, மன்னியுங்கள். உங்கள் பெயரையும் பஸ் நம்பரையும் எழுதவில்லை, கவனித்தீர்களா?)

அன்று ராத்திரி வீட்டுக்காரர் ராக்கெட் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. லாக்கரைத் திறந்ததும் என் பதினேழு மிஸ்டு கால்களைப் பார்த்தவர், சிங்கப்பூர் எல்லையில் காஸ்வேயை எப்படித் தாண்டினேன் என்றே தெரியவில்லை என்றார். பிள்ளை தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். இனி பஸ் வேண்டாம், வேலையை விட்டுவிடுகிறேன் என்று நான் ஆரம்பித்தேன். தாரணி சோற்றைப் பிசைந்தபடி, "நாளைக்கும் நான் பஸ்லதான் வருவேன். தப்பு பஸ்ஸோடதா?" என்று கேட்டாள்.

நான் எழுந்து பேனாவைத் தேடினேன்.

மறுநாள் காலை பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். என் லிஸ்டில் தட்டாமல் இறங்காதே என்ற விதியை நான் முந்தின ராத்திரியே கோடு போட்டு அடித்திருந்தேன். அதற்குக் கீழே, கடைசியில், பென்சிலால் புதிதாக ஒரு வரி. தாரணியின் குண்டு குண்டு எழுத்து. பன்னிரண்டு: அம்மா போனை எடுக்க வேண்டும்.

பக்கத்தில் கண்ணாடி போட்ட பூனை ஒன்றையும் வரைந்திருந்தாள். அடுப்பில் டீ பொங்கி வழிந்துவிட்டது.

இப்போது எல்லா நம்பரையும் எடுக்கிறேன். எனக்கு லோன் தர இந்த நாட்டில் இத்தனை பேர் தவிக்கிறார்கள் என்பதே இப்போதுதான் தெரிகிறது. நேற்று மதியம் இரண்டு நாற்பதுக்கு ஒருவர் போலீஸ் குரலில், என்னை உடனே கைது செய்யப் போவதாக மிரட்டினார்.

"சரிங்க சார், பத்து நிமிஷம் பொறுங்க. என் பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கட்டும், நானே வந்துடறேன்" என்றேன்.