மில்லிக்கன் வீட்டில் ஜோக்கர் அசையாது

எங்கள் வீட்டில் ஜோக்கர் யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் சிவப்பு ஐந்துக்கும் சிவப்பு ஏழுக்கும் நடுவில் ஜோக்கரை வைத்திருக்க, சிவப்பு ஆறு என் கையில் இருந்தால், ஆறை வைத்துவிட்டு ஜோக்கரை எடுத்துக்கொண்டு போவேன். மில்லிக்கனில் என் மனைவியின் தங்கை வீட்டில் அந்தக் கதையே இல்லை. வைத்த ஜோக்கர் வைத்ததுதான், ஆட்டம் முடியும்வரை அசையாது.

கடதாசிக்குப் பதிலாகச் சின்னப் பிளாஸ்ரிக் கட்டைகளால் ஆடும் ரம்மி அது. நாலு நிறம், ஒன்றிலிருந்து பதின்மூன்றுவரை எண்கள், எந்தக் கட்டைக்கும் பதிலாக நிற்கக்கூடிய இரண்டு ஜோக்கர். ஒரே நிறத்தில் அடுத்தடுத்த எண்களாகவோ, ஒரே எண்ணில் வேறு வேறு நிறங்களாகவோ மூன்று கட்டையாவது சேர்ந்தால்தான் மேசையில் வைக்கலாம். பிழையாக வைத்தால் திருப்பி எடுத்துக்கொண்டு, குவியலிலிருந்து தண்டமாக மூன்று கட்டை எடுக்க வேண்டும். இந்தத் தண்டத்தில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை.

நாங்கள் இதைப் பழகியது சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில். யாரோ வீடு மாறிப்போகும்போது விட்டுப்போன பெட்டி. உள்ளே சட்டத்தாள் இல்லை. பக்கத்துக் கதவுப் பிலிப்பைன்ஸ்காரி தங்கள் வீட்டு முறையைச் சொல்லித்தந்தார், அதுவே எங்களுக்கு வேதமாகிவிட்டது. தங்கையின் கணவர், என் சகலன், வேறெங்கோ வேறு விதமாகப் பழகியிருந்தார். பின்னாளில் புதுப்பெட்டி ஒன்று வாங்கியபோது அதற்குள் இருந்த தாள் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது: ஜோக்கரை எடுக்கலாம், ஆனால் தன் முறை முடிவதற்குள்ளேயே திரும்ப மேசையில் வைத்துவிட வேண்டும். இரண்டு வீட்டாரும் தாளை நம்பவில்லை. என்னோடு வேலை செய்த துருக்கிக்காரரோ, தங்கள் ஊரில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்து, அதற்கு அடுத்த எண்ணை ஜோக்கராக்குவோம் என்றார். அதைக் கேட்ட பிறகு நான் யாரிடமும் விசாரிப்பதை நிறுத்திவிட்டேன்.

கடைசியில் யார் வீட்டில் ஆடுகிறோமோ அவர்கள் சட்டம் என்று முடிவானது. என் மனைவிதான் அந்தத் தீர்ப்பைச் சொன்னாள். நானும் சகலனும் ஒருவரையொருவர் அளாப்புகிறார் என்று குற்றம் சாட்டி, சோறு ஆறிப்போகும்வரை கத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. எங்கள் ஊரில் விளையாட்டில் கள்ளம் செய்வதற்கு அளாப்புவது என்று பெயர். அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. என் சகலன் கார் ஓட்டப் பழக்குகிறவர். யாருமில்லாத சந்தியிலும் முழுதாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போவார். அவரிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

நாலு பேரில் என் மனைவிதான் கெட்டிக்காரி. மேசையில் இருக்கிற எல்லாவற்றையும் கலைத்து, வேறு விதமாக அடுக்கி, கடைசியில் தன் கையிலிருந்த ஒற்றைக் கட்டைக்கு ஓர் இடம் கண்டுபிடித்துவிடுவாள். கலைக்கும்போது எங்களுக்கு நெஞ்சு அடிக்கும். அவளுக்கு ஒன்றும் ஆகாது.

அவளுடைய ஞாபகம் இனி மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும் என்று டொக்டர் சொன்னது போன வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில். அதற்கு முன்பே கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். கலியாண வீடுகளுக்கு வரமாட்டேன் என்றாள். மிஞ்சியது மில்லிக்கன் மேசை ஒன்றுதான். அதையும் நிறுத்துவோமா என்று தங்கை என்னைத் தொலைபேசியில் கேட்டாள். அக்காவை ஏன் கஷ்டப்படுத்த வேணும், சும்மா தேத்தண்ணி குடித்துக் கதைத்துக்கொண்டிருப்போமே என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கதிரையையும் எடுத்துவிட்டால் அவள் எங்கே போய் உட்காருவாள்? நாங்கள் வருவோம், ஆடுவோம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிறே அவள் மில்லிக்கன் மேசையிலிருந்து ஜோக்கரை எடுத்தாள். எங்கள் வீட்டுச் சட்டப்படி அது சரி. சகலன் வாயைத் திறந்தார், பிறகு தன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் விட்டுக்கொடுத்து நான் கண்டதில்லை. அடுத்த வாரம் எங்கள் சட்டமே அந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது. அதற்கடுத்து, நீலத் தொடருக்குள் அவள் சிவப்பு ஒன்பதை வைத்தாள். நாங்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தோம். பிறகு அவள் எதை வைத்தாலும் சரியாயிற்று. வாராவாரம் அவள்தான் வென்றாள். நாங்கள் கைதட்டினோம். திரும்பி வரும்போது காருக்குள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பனி உருகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் மூன்று கட்டைகளை மேசையில் வைத்தாள். கறுப்பு நாலு, சிவப்புப் பதினொன்று, நீல இரண்டு. ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத கட்டைகள். தங்கை நல்லது அக்கா என்றாள். சகலன் தலையாட்டினார். அடுத்த முறை என்னுடையது. நான் என் கட்டையை எடுக்கக் கை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உது பிழை. தெரிஞ்சுதான் வைச்சனான்," என்றாள். "மூண்டு பேரும் பாத்துக்கொண்டு இருக்கிறியள்."

யாராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எனக்காக எல்லாரும் சேர்ந்து அளாப்பிறியள். நான் வைக்கிறதெல்லாம் ஜோக்கர் எண்டால், நீங்கள் ஆரும் என்னோட விளையாடேல்லை. நான் இன்னும் இஞ்சதான் இருக்கிறன்."

தங்கை அழுதுகொண்டே குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சகலன் மட்டும் அசையவில்லை. பிறகு அந்த மூன்று கட்டைகளையும் விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"செல்லாது மச்சாள்," என்றார். "எடுங்கோ. தண்டம் மூண்டு கட்டை."

அவள் எடுத்தாள். குவியலிலிருந்து மேலும் மூன்று எடுத்து அடுக்கினாள். இந்த வீட்டில் ஜோக்கருக்கு என்ன சட்டம் என்று கேட்டாள். அசையாது என்றார் அவர். தனக்கு மறந்துபோகும், ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்றாள். அன்று அவள் படுமோசமாகத் தோற்றாள். வரும் வழியெல்லாம், நான் ஒரு பச்சைக் கட்டையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றும் சகலன் கட்டையை ஒளித்து வைத்திருந்து கடைசியில் போடுகிறார் என்றும் பேசிக்கொண்டே வந்தாள். நிறத்தின் பெயரைப் பிழையாகச் சொன்னாள். பச்சை இல்லை, நீலம் என்று திருத்தினேன். சரி என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சகலன் சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் குரல் ஒருநாளும் உயராது, இரங்கவும் இரங்காது. எனக்கு அந்த உறுதி கிடையாது.

போன ஞாயிறு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, கதவைத் திறந்த மனிதர் யார் என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். உன் தங்கையின் கணவர் என்றேன். மரியாதையாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கி, ஏதோ நாலைந்து கட்டைகளை மேசையில் வைத்தாள். செல்லாது மச்சாள் என்றார் அந்த மனிதர். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வைத்ததையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே குவியலுக்குக் கை நீட்டி, மூன்று கட்டை எடுத்தாள்.