மேஸ்திரி நின்ற இடம்

எங்களிடம் புது நாய் வந்தால் அண்ணி முதலில் சாக்கை மாற்றிப்போடுவார். பழைய நாய்கள் படுத்த சாக்கில் புதியது படுக்க வேண்டும். அது கொண்டுவந்த விரிப்பில் பழையவை படுக்க வேண்டும். மூன்று நாள் இப்படி. அதுவரை வித்தை சொல்லித்தரக் கூடாது, பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது. அண்ணன், அண்ணி, நான், ஏழு நாய்கள், ஒரு தள்ளுவண்டி, இதுதான் எங்கள் குடும்பம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த ஆலையில் எப்போது சங்கு ஊதும் என்று எனக்கு மனப்பாடம். ஷிப்ட் விட்டு ஆட்கள் வெளியே வரும்போது கேட்டுக்கு எதிரே நாய் வித்தை காட்டுவோம். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு.

அந்தக் கறுப்பு நாய் ஆட்டு மந்தையோடு வந்தது. நெல்லூர்ப் பக்கமிருந்து ஆடுகளை நடத்தியே புளியந்தோப்பு ஆடுதொட்டிக்கு அறுப்புக்காக ஓட்டிவரும் பெரியவர் ஒருவர், முழங்கால் விட்டுப்போய் மகள் வீட்டோடு தங்கிவிடப் போகிறவர், அதை அண்ணியிடம் கொடுத்தார். கூடவே அது படுக்கும் கம்பளியையும் கொடுத்தார். "வித்தை கித்தை தெரியாதும்மா. ஆனா கூட வர்றதுல ஒண்ணு கொறைஞ்சா இது நகராது" என்றார். ஆட்டுக்குக் காவல் இருந்த நாய் வித்தை நாய்களோடு என்ன செய்யப்போகிறது என்று நான் சிரித்தேன்.

எங்கள் நாய்களில் மூத்தவள் ராணி. இரண்டு காலில் நின்று சலாம் போடுவாள். அதற்கே பாதிக் கூட்டம் வரும். அண்ணி கல்யாணமாகி வந்தபோது கையில் தூக்கிக்கொண்டு வந்த குட்டி அவள். புது நாயென்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. முதல் இரண்டு நாள் அந்தக் கம்பளியைப் பார்த்து உறுமிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் போய் அதன்மேல் சுருண்டு படுத்தாள். அண்ணிக்கு வாயெல்லாம் பல். "சேத்துக்கிச்சு நைனா, ராணியே சேத்துக்கிச்சு!" அன்றைக்கே புது நாய்க்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். பெயருக்கு ஏற்ற நாய்தான். வளையம் தாண்டாது, ஸ்டூலில் ஏறாது. வித்தை நடக்கும்போது முன்னால் முண்டியடிக்கும் பிள்ளைகளைக் குரைக்காமல், கடிக்காமல், சுற்றிச்சுற்றி ஓடியே வட்டமாக நிறுத்திவிடும். ஜனங்கள் அதற்குத்தான் அதிகம் கை தட்டினார்கள். வழிநடையில் எப்போதும் கடைசியில் வரும்.

அன்றைக்கு அண்ணனும் அண்ணியும் வண்டியோடு முன்னால் போய்விட்டார்கள். நாய்களை எண்ணூருக்கு நடத்திக் கூட்டிவருவது என் வேலை. எர்ணாவூர் ரயில்வே கேட்டை மூடப்போகும் நேரம். "சீக்கிரம் போப்பா" என்று கேட்காரர் கத்தினார். மேஸ்திரியையும் மற்றவற்றையும் முன்னால் விரட்டிக்கொண்டு நான் ஓட்டமும் நடையுமாகத் தண்டவாளத்தைத் தாண்டினேன். பின்னாலேயே கேட் இறங்கியது. இந்தப் பக்கம் வந்ததும் மேஸ்திரி நின்றுவிட்டது. வந்த வழியைப் பார்த்து நின்றது. அதட்டினேன், அசையவில்லை. சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கையிலிருந்த கயிற்றால் அடித்தேன். ஒரு அடி இல்லை, ஆத்திரம் தீரும்வரை அடித்தேன். பிறகு கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தேன். அது பின்பக்கமாகவே தலையைத் திருப்பியபடி இழுபட்டு வந்தது. நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். காலில் முள் தைத்து மெதுவாக வந்துகொண்டிருந்த ராணி கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தாள். நாங்கள் போவதைப் பார்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைந்து ஓடிவந்திருக்கிறாள். ரயில் சத்தம் கேட்டது, நான் நடந்துகொண்டுதான் இருந்தேன்.

எண்ணூரில் அண்ணி நாய்களை எண்ணிப் பார்த்துவிட்டு வந்த வழியே ஓடினார். திரும்பி வந்தபோது ராணியை முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அழுது முடித்தபின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மேஸ்திரி நிக்கலியா நைனா?"

"இல்ல அண்ணி. அதுவும் என்கூடத்தான் வந்துகினு இருந்திச்சு."

அண்ணி மேஸ்திரியைப் பார்த்தார். திட்டவில்லை. அன்றோடு அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். சோறு மட்டும் வைப்பார்.

அண்ணி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது பேரன் வீட்டுக்குப் போக அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறேன். தண்டவாளம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணி இரண்டு அறை விட்டிருப்பார், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு வழியில் அந்த நாயின் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன்.

ராணி போய் ஒரு மாதம் இருக்கும். அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேஸ்திரியின் கண்ணெதிரே, எங்கள் நாய்களில் ஒன்று போட்டிருந்த குட்டியைக் கூடையில் போட்டு மூடி வைத்துவிட்டு மற்ற நாய்களோடு கிளம்பினேன். நிற்கும், அண்ணி பார்ப்பார், சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். மேஸ்திரி நின்றது. கூடையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தது. வாலை இடுக்கிக்கொண்டு வந்து என் காலோடு ஒட்டி நடந்தது.

"பாத்தியா, இத்துக்கு ஒண்ணும் தெர்ல" என்றார் அண்ணி. "அந்தக் கெயவன் சும்மா சொல்லிக்கிறான்."

நான் குட்டியைக் கூடையிலிருந்து தூக்கிக்கொண்டேன்.

"ஆமா அண்ணி" என்றேன்.