சங்கிலி இல்லாத யானைக்கு ஒரு லென்ஸ்

கேமரா லென்ஸை வாடகைக்கு விடுகிறவனுக்குப் பாதி உயிர் கடையிலும் பாதி உயிர் அடுத்தவர் கழுத்திலும் தொங்கிக்கொண்டிருக்கும். சைக்கிளோ பாத்திரமோ வாடகைக்கு விட்டு, திரும்பி வரும் வரை வாசலையே பார்த்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. காட்டுக்கும் பறவைச் சரணாலயத்துக்கும் கிளம்புகிறவர்கள் என்னிடம்தான் பெரிய லென்ஸ் எடுத்துப் போவார்கள்.

மொட்டைமாடிப் பரீட்சை

லென்ஸ் கேட்டு வருகிறவரை நேரே மொட்டைமாடிக்கு அழைத்துப் போவேன். தூரத்தில், பக்கத்தில் என்று நாலு இடம் பார்த்துத் திருப்தியானால்தான் எடுத்துப் போகலாம். நூம்பலில் கீரை பயிரிடும் முனுசாமி, வேடந்தாங்கல் போவதற்காக வந்தார். கீழே வாய்க்காலில் நின்ற கொக்கின் மேல் லென்ஸைத் திருப்பியவர் வெகு நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்: "அண்ணாத்தே, கொக்குக்குக் கண்ணு மஞ்சளாவா கீது? நாப்பது வருசமா வயல்ல அது கூடவே நின்னுகினு கீறேன், இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

கனமான வளையம்

தங்கராசு திருநெல்வேலிக்காரர். ஆவடியில் டாங்கி செய்யும் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இரும்பு கடையும் டர்னர், குடியிருப்பது குவார்ட்டர்ஸில். அதுவரை அவர் பார்த்த யானைக்கெல்லாம் காலில் சங்கிலி. சங்கிலி இல்லாத யானை ஒன்றைத் தன் கையால் படம் பிடித்து வீட்டில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இரண்டு வருஷம் தள்ளிப்போன லீவு நாலே நாளாகக் கிடைத்தது, முதுமலைக்குப் போக லென்ஸ் கேட்டு வந்தார். இதை விட்டால் இனி எப்போதோ.

என்னிடம் இருந்த முந்நூறு எம்எம் லென்ஸ் அவருடைய கேமராவில் பொருந்தாது. "அதுக்கென்ன?" என்று போனவர், மண்ணூர்பேட்டையில் தெரிந்த லேத் பட்டறையில் இணைப்பு வளையம் ஒன்றைத் தானே கடைந்து கொண்டுவந்தார். அன்று நல்ல மழை. மாடிக்குப் போகச் சோம்பல்பட்டு, எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பார்த்தே பரீட்சையை முடித்தோம். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வளையம் ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்டேன். தொழிற்சாலைக்காரருக்கு மெல்லிசாக எதுவும் செய்யக் கை வருமா? "டாங்கி ஏறுனாலும் நசுங்காது, அண்ணாச்சி!"

மசினகுடியிலிருந்து போன்

அன்றிரவே ரயில் ஏறியவர், மறுநாள் மாலை முதுமலையை ஒட்டிய மசினகுடியில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார். தூரத்தில் ஒரு கூட்டமே நின்றதாம். லென்ஸைக் கடைசி வரை திருகியும் எல்லாம் புகையாகத் தெரிந்ததாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வளையத்தின் தடிமன் லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டது. இருபது அடி, முப்பது அடி என்றால் துல்லியமாக விழும், தொலைவில் உள்ளது விழவே விழாது. மாடி ஏறியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். விஷயத்தைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். பக்கத்தில் வருவதை மட்டும் எடுங்கள் என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "யானையப் பாத்து கிட்ட வான்னு யாரு சொல்லுதது, அண்ணாச்சி?"

தட்டில் வந்த முகம்

அவர் திரும்பும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் வந்ததும் பிலிம் ரோலை நீட்டினார். கறுப்பு வெள்ளை. கூடவே டார்க் ரூமுக்குள் வந்து நின்றார்.

கழுவிப் பார்த்தால் எடுத்ததெல்லாம் புகை, ஒரே ஒரு படம் தவிர. அதை மட்டும் பெரிய தாளில் போட்டேன். மருந்துத் தட்டில் முதலில் ஒரு சுருக்கம் வந்தது, பிறகு இமைமயிர், பிறகு நெற்றியில் காய்ந்த சேற்றின் வெடிப்புகள். தாள் முழுக்க முகம். கால் படத்திலேயே இல்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்க்கிறவருக்குச் சங்கிலி என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்றே தோன்றாது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருஷமாக எத்தனையோ படம் கழுவியிருக்கிறேன், ஒரு படத்தைத் தட்டில் வைத்தே திரும்பத் திரும்பப் பார்த்தது அன்றுதான்.

கடைசி நாள் காலையில் புதரிலிருந்து ஒற்றை யானை வெளியே வந்திருக்கிறது. டிரைவர் ஜீப் எஞ்சினை அணைத்துவிட்டார். அது முப்பது அடியில் நின்று, இவரைப் பார்த்துவிட்டு, தன் பாட்டுக்குப் போய்விட்டது. ரோலில் இன்னும் பத்துப் படம் மிச்சமிருக்க, ஏன் ஒன்றோடு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஒண்ணுதான் அமுக்குனேன், அண்ணாச்சி. அதுக்கு மேல கை கும்பிடப் போயிட்டு."

லென்ஸ் கொடுத்தவன் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் அந்தப் படத்துக்காகப் பாடுபட்ட மூன்று பேரில் தன் வேலையைச் சரியாகச் செய்தது அந்த யானை மட்டுமே.