சமதரையில் அரை மணி நேரம்

முதுகில் ஆபரேஷன் முடிந்து அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. இடது காலுக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை சுண்டி இழுத்துக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூர் டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, தினமும் சமதரையில் அரை மணி நேரம் நடங்கள் என்றார். நீலகிரி மலையில் இருக்கும் கட்டபெட்டுக்காரனிடம் போய்ச் சமதரை கேட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் மேடு உண்டு, பள்ளம் உண்டு. சமமாக இருப்பது கேரம் போர்டு மட்டும்தான்.

என் மனைவிக்கு இதெல்லாம் நாடகம். டாக்டரே சரியாகிவிட்டது என்ற பிறகு கால் மட்டும் என்ன தனிக்கச்சேரி நடத்துகிறது என்பாள். சிலிண்டர் தூக்குகிற நாளில்தான் எனக்கு வலி கூடுகிறது என்று பக்கத்து வீடு வரை சொல்லி வைத்திருந்தாள். வலி போவதைவிட, அவள் என்னை நம்புவதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சமதரையையும் அவளேதான் கண்டுபிடித்தாள். அவள் வேலை பார்க்கும் டீ ஃபேக்டரியில் பச்சை இலையை வாடப்போடும் மாடி, நீளமான பலகைத் தரை. சூப்பர்வைசரிடம் கேட்டு, ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு என்னை வரச் சொன்னாள். இலைத் தொட்டிகளுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி நடந்தேன். நொண்டலே இல்லை. இலை கிளறிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கையும் களவுமாகப் பிடித்துவிட்டவளாகப் பார்த்தாள். துரோகி, கொஞ்சம் இழுத்தால்தான் என்ன என்று காலை மனதுக்குள் திட்டினேன்.

வீட்டுக்கு இறங்கும்போது கால் தன் வேலையைக் காட்டியது. தேயிலைக்கு நடுவே சரிவான ஒற்றையடிப் பாதை. பாதியில் சுரீரென்று ஏறிய வலியில் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை யாராலும் நடிக்க முடியாது. ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, நெசமாவே வலிக்குதுங்களா?" என்றாள். பிறகு மெதுவாக, "வேண்டாம்னு சொன்ன உங்களை ஆபரேசனுக்கு நாந்தானுங்க புடிச்சுத் தள்ளுனேன்."

இத்தனை நாளும் அவள் எதை நம்பப் பயந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அட, அது இல்ல புள்ள. கல்லு தட்டிருச்சு" என்றேன்.

சுற்றிலும் ஒரு கல் கூட இல்லை. அவளும் பார்த்தாள்.

"பாத்து வரக் கூடாதுங்களா?" என்று கையை நீட்டினாள்.